ஒரே கிரேடு, ரெண்டு நாணயம்: கன்னத்தில் வெட்டா, காதுக்கு மேல் மழுங்கலா?

ரெண்டுங்கெட்டான்

வணக்கம் நண்பர்களே. மூணு நாளா மண்டை காயுது, இங்க வந்து கொட்டிடறேன்.

1883-ஓ மார்கன் டாலர் ரெண்டு என் மேஜை மேல இருக்கு (பழைய அமெரிக்க வெள்ளி டாலர், ஒரு பக்கம் லிபர்ட்டி அம்மா முகம், மறுபக்கம் கழுகு; ‘ஓ’ன்னா நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில அடிச்சது). ரெண்டும் ஒரே தரமதிப்பீட்டு நிறுவனம் பிளாஸ்டிக் பெட்டியில சீல் வச்ச ஸ்லாப், ரெண்டுக்கும் எம்எஸ் 64, அதாவது புழங்காத நாணயத்துக்கான 60-70 மார்க்ல 64. விற்பவர் தங்கமான மனுஷன். ஒரு வாரம் வச்சுப் பாருங்க, வேண்டாததைத் திருப்பி அனுப்புங்கன்னு சொல்லிட்டார். விலையும் ஒண்ணேதான். அதைச் சாக்குச் சொல்லி முடிவெடுக்கவும் வழியில்லை.

முதலாவது: வெள்ளைவெளேர். விளக்குக்குக் கீழ சாய்ச்சா ஒளி சக்கரம் மாதிரி ஒரு சுத்து சுத்தி வருது. முடி இழை இழையா நிக்குது. ஆனா கன்னத்துல, கண்ணுக்குக் கீழ ஆரம்பிச்சு வாய்ப் பக்கம் சாய்வா ஒரு வெட்டு. மூணு மில்லிமீட்டர் இருக்கும்.

ரெண்டாவது: கன்னம் துடைச்சு வச்ச மாதிரி சுத்தம். விளிம்புல லேசா வைக்கோல் நிறம். ஆனா காதுக்கு மேல முடி மழுங்கல், பின்பக்கம் கழுகு நெஞ்சுல இறகே இல்ல. ஒளியும் தூங்கி வழியுது.

முதலாவதைப் பார்த்தா சந்தோஷம் வருது, அடுத்த நொடி கண்ணு அந்த வெட்டுல போய் உக்காந்துக்குது. ரெண்டாவதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, கொண்டாடவும் ஒண்ணுமில்ல. எதை வச்சுக்கறது?

மூட்டைத்தழும்பு

தம்பி, நீங்க சொல்ற வெட்டுக்குக் காரணம் இன்னொரு மார்கன் டாலர்தான். அடிச்சு முடிச்சதும் ஆயிரம் ஆயிரமா துணி மூட்டையில கட்டிப் போட்டாங்க. ஒரு டாலர் 26.73 கிராம். ஒரு மூட்டை கிட்டத்தட்ட 27 கிலோ. அதைத் தூக்கறது, போடறது, எண்ணறது, மறுபடி கட்டறதுன்னு பல பத்து வருஷம் பெட்டகத்துலயே கிடந்து, நிறைய மூட்டை 1960களோட தொடக்கத்துலதான் வெளிய வந்துச்சு. கைபடாத நாணயம்னு பேரு, ஆனா ஒண்ணோட ஒண்ணு மோதிக்காத நாளில்ல.

இந்த நாணயத்துல அந்தம்மா கன்னம் ஒரு திறந்த மைதானம். அதே அளவு அடி முடிக்குள்ள விழுந்திருந்தா லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வச்சாலும் தேடணும். கன்னத்துல விழுந்தா வாசல்ல நின்னே தெரியும். முன்பக்கம் கன்னம், அப்புறம் மூக்குக்கு முன்னால இருக்கற வெற்றிடம். இந்த ரெண்டு இடத்துல விழற அடிக்குத்தான் நான் முழுத் தண்டனை கொடுப்பேன். பின்பக்க அடிக்குப் பாதி தண்டனை. விளிம்புல விழுந்ததுக்கு ஒரு முறைப்போட சரி.

ஒரு வேலை செய்யுங்க. லூப்பை உள்ள வச்சுட்டு, ரெண்டையும் கை நீட்டற தூரத்துல வச்சுப் பாருங்க. அந்தத் தூரத்துலயும் வெட்டு கூப்பிட்டா, அது ஆயுசுக்கும் கூப்பிடும்.

லூப்புக்காரன்

//ஒளியும் தூங்கி வழியுது//

இங்கதான் எனக்குச் சந்தேகம். ஒளி ஏன் தூங்குதுன்னு தெரியாம எதையும் முடிவு பண்ணாதீங்க.

அச்சு இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வழிஞ்சு ஓடுது. அந்த ஓட்டத்தோட தடம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளா, ஆரம் ஆரமா நிக்கும். சாய்க்கும்போது சக்கரம் சுத்துதுன்னு சொன்னீங்களே, அது இந்தக் கோடுகள் செய்யற வேலைதான். இதுக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு தேய்மானம். இன்னொண்ணு அமிலக் குளியல். கறுத்த வெள்ளியைத் தையோயூரியா கலந்த அமிலத்துல முக்கி எடுத்தா வெள்ளை ஆயிடும், ஆனா ஒவ்வொரு முக்கலுக்கும் மேல்தோல் கொஞ்சம் கரையும். ஒருதரம் சட்டுனு முக்கி எடுத்தா யாருக்கும் தெரியாது. நாலஞ்சு பேர் கைமாறி நாலஞ்சு தரம் முக்கினா அந்தக் கோடுகள் மழுங்கி, வெள்ளையா இருக்கும் ஆனா உயிர் இருக்காது.

மூணாவது காரணமும் உண்டு. அச்சே கிழமாகி, தேஞ்சு போயிருந்தா நாணயம் பிறக்கும்போதே தூக்கக் கலக்கத்தோடதான் பிறக்கும்.

பார்க்கற விதம்: அறை விளக்கையெல்லாம் அணைச்சுட்டு ஒரே ஒரு குண்டு பல்பு. ட்யூப் லைட்டு வேண்டாம், அது எல்லாத்தையும் ஒரே மாதிரி காட்டும். நாணயத்தை மெதுவா சாய்ச்சுச் சுத்துங்க. ஒளிப்பட்டை வெற்றிடத்துல ஓடி, மழுங்கின முடி மேலயும் அறுபடாம ஏறி இறங்குதா, இல்ல அங்க மட்டும் சாம்பல் திட்டா நின்னுடுதா? அதைச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்.

நம்பரே_சாட்சி

ஏன் இவ்வளவு வளவளன்னு? ரெண்டும் 64. தினமும் நூத்துக்கணக்குல நாணயம் பார்க்கறவங்க ரெண்டும் சமம்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு விற்கப் போனா வாங்கறவன் முதல்ல பார்க்கப் போறது லேபிளைத்தான். எதை வேணா வச்சுக்குங்க.

மூட்டைத்தழும்பு

//ரெண்டும் சமம்னு சொல்லிட்டாங்க//

சமம்னு சொல்லல அண்ணே, கூட்டிக் கழிச்சா ஒரே இடத்துக்கு வருதுன்னு சொன்னாங்க. ஒருத்தன் கணக்குல நூறு, தமிழ்ல முப்பது. இன்னொருத்தன் ரெண்டுலயும் அறுபத்தஞ்சு. கூட்டுத்தொகை ஒண்ணுதான், கணக்கு வாத்தியாரைக் கேட்டா ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொல்வாரா?

இந்த 70 மார்க் முறையே 1949-ல ஷெல்டன் பழைய அமெரிக்கச் செம்பு சென்ட்டுக்காகப் போட்ட விலைக் கணக்கு. அடிமட்ட நிலையில இருக்கற காசை ஒண்ணுன்னு வச்சா, குறையே இல்லாதது எழுபது மடங்கு பெறும். அவ்வளவுதான். அழகை அளக்கறதுக்குன்னு பிறந்த நம்பர் இல்ல அது.

லூப்புக்காரன்

இதோட சேர்த்து ஒண்ணு சொல்லணும். ஏயு 58 (லேசா மட்டும் புழங்கின) நாணயத்தையும் எம்எஸ் 61 நாணயத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்திருக்கீங்களா? 58-ல கன்னத்து மேட்டுலயும் முடி உச்சியிலயும் மயிரிழை தேய்மானம். அந்த ஒரே காரணத்துக்காக 60-ஐத் தாண்ட முடியல. மத்தபடி முழு ஒளி, அடி கம்மி. 61-ல தேய்மானமே இல்ல, ஆனா முகம் முழுக்கக் கோழி கிளறின மாதிரி கிடக்கும். லேபிளைப் பார்த்து வாங்கறவர் 61-ஐ எடுப்பார், நான் 58-ஐ எடுத்து சட்டைப் பையில போட்டுக்குவேன் (சும்மா சொல்றேன், சட்டைப் பையில போடாதீங்க).

செம்புப்பித்து

நான் செம்புக் காசு சேர்க்கறவ. வெள்ளிக்காரங்க எல்லாரும் அடி, வெட்டுன்னு பேசிக்கிட்டிருக்கீங்க. எனக்கு முதல் கேள்வி வேற: அந்தக் குறை அப்படியே நிக்குமா, வளருமா?

நான் ஆரம்பத்துல ஒரு சிவப்புச் செம்புக்கு மயங்கினேன். நேத்து அடிச்ச மாதிரி ஜொலிப்பு. பின்பக்கம் மிளகுல கால்வாசி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. இவ்வளவு அழகுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு இருக்கட்டுமேன்னு வாங்கினேன். வச்ச இடம் கொஞ்சம் ஈரக்கசிவு. ரெண்டு மழைக்காலம் போச்சு. திறந்து பார்த்தா பொட்டு பொரியாகி, சுத்திப் பழுப்பு வளையம் கட்டி, பக்கத்துலயே ரெண்டு குட்டி போட்டிருந்தது. வெட்டு அப்படிச் செய்யாதுங்க. பட்டது பட்டபடி கிடக்கும்.

அதனால அழகையும் குறையையும் தராசுல வைக்கறதுக்கு முன்னால குறையை ரெண்டாப் பிரிங்க. செத்த குறை, உயிருள்ள குறை. வெட்டு, கீறல், மழுங்கல், விளிம்பு நசுங்கல் எல்லாம் செத்தது. வெண்கலத்துலயும் செம்புலயும் வெளிர்பச்சையா மாவு மாதிரி உதிர்ற நோய் இருக்கே, அது உயிருள்ளது. உள்ள குளோரைடு உக்காந்திருக்கும், ஈரம் பட்டா தின்னுக்கிட்டே போகும். மெத்து மெத்துன்னு மடங்கற பிவிசி உறையில வச்ச நாணயத்துல பச்சைப் பிசின் மாதிரி படியுமே, அதுவும் அப்படித்தான். அது மேலோட்டமா இருந்தா சுத்தமான அசிட்டோன்ல ஊற வச்சு எடுத்துடலாம். துடைக்கக் கூடாது, தேய்க்கவே கூடாது. விட்டுட்டா உலோகத்தையே அரிக்கும். நவீன வெள்ளி நாணயத்துல வர்ற பால்புள்ளி இன்னொரு தலைவலி, வாங்கும்போது சுத்தமா இருந்ததுல பிறகு முளைக்கும்.

உயிருள்ள குறை இருந்தா எவ்வளவு அழகா இருந்தாலும் நான் தொட மாட்டேன். உங்க ரெண்டும் அந்தப் பிரச்சினை இல்லாதது. கொடுத்து வச்சவர்.

ரெண்டுங்கெட்டான்

எல்லாருக்கும் நன்றி. லூப்புக்காரன் சார் சொன்ன மாதிரி நேத்து ராத்திரி ஒத்தை பல்புல பார்த்தேன். மூணு விஷயம் தெரிஞ்சுது.

ரெண்டாவதுல ஒளிப்பட்டை மழுங்கின முடி மேல வந்தா சாம்பலாகல. மங்கலா இருந்தாலும் அறுபடாம ஏறி இறங்குது. ஆனா அந்த இடத்தை லூப்ல பார்த்தா பொடிப்பொடியா குழி, குட்டிக் குட்டிக் கீறல். யாரோ குண்டூசியால குத்தின மாதிரி. இது என்ன?

முதலாவதோட வெட்டு எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி தெரியல. விளக்கு இடப்பக்கம் இருந்தா கிட்டத்தட்ட மறைஞ்சுடுது. தலைக்கு நேர் மேல இருந்தா பளீர்னு மின்னுது.

அப்புறம் முதலாவதுல மூக்குக்கு முன்னால ஒரு நீளக் கீறல் இருக்கேன்னு பதறிட்டேன். சாய்ச்சா அது நாணயத்தை விட்டு நகர்ந்து போச்சு. கீறல் பிளாஸ்டிக்குல! ராத்திரி பதினோரு மணிக்கு ஒத்தை ஆளா சிரிச்சேன்.

லூப்புக்காரன்

அந்தக் குழிதான் உங்களுக்கு நல்ல சாட்சி. அச்சு முழுசா இறங்காத இடத்துல, அடிக்கறதுக்கு முன்னால வெறும் வட்டத்தகடு எப்படி இருந்துச்சோ அதே தோல் அப்படியே மிஞ்சி நிக்குது. தகடா உருண்டு புரண்டப்ப வாங்கின அடிகள் அவை. அச்சு அழுத்தியிருந்தா நசுங்கி மறைஞ்சிருக்கும். ஆக இது தேய்மானம் இல்ல, பலவீனமான அடிப்பு. நியூ ஆர்லியன்ஸ் மார்கன்ல அடிக்கடி பார்க்கறதுதான், அதுவும் காதுக்கு மேலயும் கழுகு நெஞ்சுலயும். ஏன்னா முன்பக்கமும் பின்பக்கமும் ரொம்ப மேடான இடங்கள் அவை. உலோகம் கடைசியா வந்து நிரப்ப வேண்டிய இடம்.

வெட்டு பத்தி: விளக்கு இடம் மாறினா மறையுதுன்னா ஆழம் கம்மி. உள்பக்கம் இன்னும் பளபளன்னு மின்னறதால கண்ணை இழுக்குது. ஒண்ணு கவனிச்சீங்களா, விற்பவர்கள் போடற படத்துல விளக்கு பல நேரம் அந்த மறையற திசையிலதான் இருக்கும். பொய் சொல்றாங்கன்னு இல்ல, ஆனா ஒரு படத்தை நம்பி வாங்காதீங்க.

காவிரிக்கரை_காசு

அப்போ ரெண்டாவதோட குறை பிறவிக் குறை, முதலாவதோட குறை பிறகு பட்டது. பிறவிக் குறைக்கு எப்பவும் மன்னிப்பு உண்டுங்க. 1794 வெள்ளி டாலர்ல ஒண்ணு 2013-ல ஏலம் போச்சே, அதுவரைக்கும் உலகத்துல எந்த நாணயமும் தொடாத விலைக்கு. அதுல எடையைக் குறைக்க அரத்தால ராவின கோடுகள் இருக்கு. நடுவுல எடை கூட்டறதுக்காக வெள்ளித் துண்டு வேற அடைச்சிருக்காங்க. எல்லாம் அச்சுக்கு முன்னால நாணயச்சாலைக்காரங்களே செஞ்சது. யாராவது முகம் சுளிச்சாங்களா?

மூட்டைத்தழும்பு

காவிரிக்கரை அண்ணே, நல்ல உதாரணம்தான், ஆனா அதுல பாதிதான் இங்க பொருந்தும். 1794-ல கிடைக்கறதே ரொம்பக் கொஞ்சம். அங்க ராவின கோட்டைப் பார்த்து வேண்டாம்னு சொன்னா அடுத்தது எந்த ஜென்மத்துல வரும்? 1883-ஓ அப்படியா? அடிச்சது 87 லட்சத்துக்கும் மேல. மூட்டை மூட்டையா தப்பிச்சு வந்தது. காதுக்கு மேல முடியும் நின்னு, கன்னமும் சுத்தமா இருக்கற 64 தேடினா கிடைக்கும். பொறுமைதான் வேணும்.

அரிய நாணயத்துல குறையோட சமாதானம் பண்ணிக்கலாம். மலிஞ்சு கிடக்கற நாணயத்துல ஏன் பண்ணிக்கணும்? மன்னிப்பு கேக்க வேண்டியது குறை இல்ல, நம்ம அவசரம்.

காவிரிக்கரை_காசு

அதுவும் சரிதான். என்கிட்ட 1840 விக்டோரியா ரூபாய் ஒண்ணு இருக்கு, கழுத்துல சராப் (காசு மாத்தறவர்) குத்து. அந்தக் காலத்துல வெள்ளி சுத்தமான்னு பார்க்கச் சராப் குத்தின பொட்டு. வாங்கும்போது எல்லாரும் திட்டினாங்க. எனக்கு என்னமோ அந்தப் பொட்டு பிடிச்சிருக்கு, ஒருத்தர் இதைக் கையில வாங்கிச் சந்தேகப்பட்டிருக்கார்னு தோணும். சீனாவுக்குப் போன வியாபார டாலர்கள்ல குத்தின முத்திரைகளுக்குன்னே சேர்க்கறவங்களும் இருக்காங்க. ஆனா அதே ரூபாயை யாராவது நகையில கோத்து, காது பத்த வச்சு, அப்புறம் அதைப் பிடுங்கி ராவி மறைச்சிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன். குத்தினது வேலை, மறைச்சது களவு.

புதுக்காசு

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். வானவில் நிறத்துல டோனிங் (மேல ஏறின நிறப்படலம்) இருக்கற வெள்ளி நாணயம் ஒண்ணு பார்த்தேன். அழகோ அழகு. அதுவும் கணக்குல அழகா, குறையா?

செம்புப்பித்து

அது தனி இழைக்கான கேள்வி கண்ணு, இங்க சுருக்கமா. நிறம் வெள்ளி சல்பைடு படலத்தோட தடிப்பால வருது. மெலிசா இருக்கறப்ப மஞ்சள், கொஞ்சம் தடிச்சா செம்பழுப்பு, அப்புறம் ஊதா, நீலம். ஒரு நிறத்துலருந்து அடுத்ததுக்குப் படிப்படியா நழுவணும். மஞ்சள் பக்கத்துல படியே இல்லாம கடும் நீலம் குதிச்சா, இல்ல நிறம் கீறலுக்குள்ள இறங்கித் தேங்கி நின்னா, யாரோ சமைச்சிருக்காங்க. அப்புறம், நிறத்துக்குக் கீழ ஒளி சுத்துதான்னு பாரு. சுத்தலைன்னா அந்த வானவில்லுக்கு அடியில என்னத்தையோ மறைச்சிருக்கு. மெருகு போட்டுத் தேய்ச்ச மயிரிழைக் கீறலை மூடத்தான் பாதி பேர் நிறம் ஏத்தறாங்க.

நம்பரே_சாட்சி

சரி, நான் தோத்தேன்னு வச்சுக்குங்க. ஆனா ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. நாளைக்கு விற்கும்போது எது சுலபமாப் போகும்?

லூப்புக்காரன்

நேர்ல பார்த்து வாங்கறவர்கிட்ட முதலாவது. படத்துல வாங்கறவர்கிட்ட ரெண்டாவது, ஏன்னா விளக்கை மறையற திசையில வைக்காத படத்துல கன்னத்து வெட்டு கத்தும், மங்கின ஒளி எந்தப் படத்துலயும் தெரியாது. இதுல உங்க வாதமும் பிழைச்சுது, என் வாதமும் பிழைச்சுது.

ரெண்டுங்கெட்டான்

கதையை முடிக்க வந்தேன்.

ரெண்டையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டு நாலு நாள் பார்க்கவே இல்ல. நேத்து திறக்கறதுக்கு முன்னால ஒரு காகிதத்துல ரெண்டு வட்டம் போட்டு, ஞாபகத்துல இருக்கறதை வரைஞ்சேன். எனக்கு வரையவே வராது, அது வேற விஷயம். முதல் வட்டத்துல கை தானாப் போய் முதல்ல போட்டது அந்த வெட்டு. சரியான சாய்வுல, சரியான நீளத்துல. அப்புறம்தான் முடி, கிரீடம் எல்லாம். ரெண்டாவது வட்டத்துல என்ன வரையறதுன்னே தெரியல. விளிம்புல மஞ்சள் பென்சிலால ஒரு கோடு இழுத்துட்டு உக்காந்திருந்தேன்.

ஒண்ணுல குறை மட்டும் ஞாபகம் இருக்கு. இன்னொண்ணுல நாணயமே ஞாபகம் இல்ல. ரெண்டையும் பத்திரமாப் பொதிஞ்சு அனுப்பிட்டேன்.

மூட்டைத்தழும்பு

ரெண்டுங்கெட்டான்னு பேரு வச்சதுக்கு வஞ்சகம் பண்ணலை!

விற்பவர் கோச்சுக்கலையே?

ரெண்டுங்கெட்டான்

சிரிச்சார் அண்ணா. இன்னொரு 1883-ஓ வந்திருக்குன்னு படம் அனுப்பியிருக்கார். இதுக்கு 63 தான். முடி முழுசா இருக்கு, கன்னம் சுத்தம், ஒளியும் இருக்கற மாதிரிதான் தெரியுது. ஆனா பின்பக்கம் கழுகோட இடது சிறகுக்கு மேல மூணு அடி வரிசையா, அதுக்குப் பக்கத்துல ஏதோ ஒரு புள்ளி. படத்தை இங்க போடட்டுமா?

செம்புப்பித்து

புள்ளி என்ன நிறம்?

லூப்புக்காரன்

போடுங்க. அதோட விளக்கை நாலு பக்கமும் மாத்தி நாலு படம் கேட்டு வாங்குங்க.